பூஜை முடிந்த பின் வாழைக்கன்று

பண்டிகை மாதங்களில் மும்பை மாட்டுங்கா பூக்கடைகளில் வாழைக்கன்றுகள் கட்டுக் கட்டாக வந்து இறங்கும். செம்பூர் வீடுகளில் வரலட்சுமி நோன்பு மண்டபத்துக்கு ஒரு ஜோடி, ஆயுத பூஜைக்குத் தாராவிப் பட்டறை வாசலில் ஒரு ஜோடி, மராட்டியர் வீட்டு சத்தியநாராயண பூஜையில் பலகையின் நான்கு மூலைக்கும் நான்கு. பூஜை முடிந்த மறுநாளோ மூன்றாம் நாளோ அத்தனையும் குப்பைக்குப் போகின்றன. பெரும்பாலானவை கிழங்குக்கு மேலே வெட்டி எடுத்தவை. மண்ணில் நட்டாலும் வேர் பிடிக்காது. குலம் தழைக்க வேண்டும் என்று வேண்டித்தான் வாழையை நிறுத்துகிறோம். இனித் தழைக்கவே முடியாதபடி வெட்டிய ஒன்றை முன்னால் வைத்து அதை வேண்டலாமா? கூடாது என்றே நினைக்கிறேன். கன்றைக் கிழங்கோடு வாங்கி, பூஜைக்குப் பின் தொட்டியில் வைத்து வளர்ப்பதும் அந்த வழிபாட்டில் சேர்ந்ததுதான். அதற்கு வழியில்லாத வீட்டில் இலையும் பழமும் வைத்துக் கும்பிட்டால் போதும்.

தினமும் இலையை நறுக்குகிறோம், பூவையும் தண்டையும் சமைக்கிறோம், கன்றுக்கு மட்டும் என்ன தனிக் கரிசனம் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். தொல்காப்பிய மரபியல் புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிராக வைக்கிறது. தொடுவதை உணர்வதே அந்த ஓர் அறிவு. உயிர் என்று ஒப்புக்கொண்ட பிறகு எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்ற சிக்கல் வந்துவிடுகிறது. வள்ளலார் ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் இதற்கு முகம் கொடுத்தார். காய், கனி, பூ, தழை ஆகியவற்றை எடுப்பது நகமும் மயிரும் களைவதைப் போன்றது, அதில் உயிர்க்கொலை இல்லை என்பது அவர் கொண்ட நிலை. அந்த அளவுகோலை வாழையிடம் கொண்டுபோய்ப் பார்க்கலாம். இலை அறுத்த வாழை அடுத்த குருத்தை விடுகிறது. சமையலுக்கு வரும் தண்டு பெரும்பாலும் குலை ஈன்று ஆயுளை முடித்துக்கொண்ட மரத்தினுடையது. கன்று அப்படியல்ல. வளரத் தொடங்கிய நிலையிலேயே மொத்தமாக எடுத்துவிடுகிறோம்.

வலுவான மறுப்பு தோட்டத்திலிருந்து வருகிறது. தாய்மரத்தின் குலை பெருக்க வேண்டும் என்பதற்காக விவசாயியே பக்கக் கன்றுகளை அறுத்துப் போடுகிறார், மறுதாம்புக்கு ஒன்றைத்தான் விடுகிறார். எல்லாக் கன்றும் ஒரே கிழங்கின் கிளைதானே, வாழையடி வாழையாகத் தொடர்வது கொத்துதான், தனிக் கன்று என்று ஓர் உயிர் ஏது? பௌத்தம் இதற்கு இன்னும் ஆழம் சேர்க்கும். மரத்தின் வைரம் தேடிப் போனவன் வாழையை வெட்டி, மட்டை மட்டையாக உரித்தும் உள்ளே ஒன்றையும் காணவில்லை, அதுபோல ‘தான்’ என்றும் உள்ளே ஒன்றில்லை என்ற உவமை சம்யுத்த நிகாயத்தில் வருகிறது. ஆனால் அதே புத்தரின் துறவு விதித்தொகுப்பான விநயம் பிக்குகள் செடிகொடிகளை அழிப்பதைக் குற்றமாக வைத்திருக்கிறது. பாசித்திய விதிகளில் அது 11-ஆவது. உள்ளே வைரமில்லை என்று சொன்ன மரபே வெட்டாதே என்றும் சொன்னது. ‘தான்’ என்று ஒன்று இருந்தால்தான் கடமை உண்டு என்ற கணக்கு அங்கேயே உடைந்துவிடுகிறது. விவசாயி அறுக்கும் கன்று அந்த மண்ணிலேயே மட்கி, அந்தக் கொத்துக்கே திரும்புகிறது. அவர் வெட்டுவது வளர்ப்பில் ஒரு பகுதி. நாம் வெட்ட வைப்பது இரண்டு நாள் அலங்காரத்துக்கு.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நாம் தின்னும் வாழைக்கு முளைக்கும் விதை கிடையாது. நியூகினியின் குக் சதுப்பு நிலத்தில் சுமார் 7000 ஆண்டுகளுக்கு முன்பே வாழையைப் பயிரிட்டதற்குத் தடயம் கிடைத்திருக்கிறது. விதை குறைந்ததைத் தேர்ந்து தேர்ந்து நட்டு, தானாக ஊர் தாண்ட முடியாத ஒரு பயிரை மனிதர்கள்தான் உருவாக்கினார்கள். ஒரு கை பெயர்த்து நட்டால்தான் அது அடுத்த நிலத்துக்குப் போகும். ஆகவே கன்றைப் பார்த்துக்கொள்வதைக் கருணை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது கடன்.

அப்படியென்றால் மும்பை வீட்டுக்குள் அடைப்பது மட்டும் சரியா? குடிசைவாசிகளுக்கான மறுகுடியமர்வுக் கட்டடங்களில் 225 சதுர அடி வீடுகள், எதிர்க் கட்டடச் சுவரைப் பார்த்த ஜன்னல்கள். வெயில் படாத மூலையில் வைத்த வாழை வெளிறி, மெலிந்து, மாதக்கணக்கில் சாகும். அதைவிட ஒரே வெட்டு மேல் என்று சொன்னால் மறுக்க மாட்டேன். மும்பையின் வெப்பம் வாழைக்கு ஏற்றதுதான், வெளிச்சம்தான் தட்டுப்பாடு. ஐந்தாறு மணி நேரமாவது நல்ல வெளிச்சம் வரும் ஜன்னல் கிரில் வேண்டும். ஓர் அடிக்குக் குறையாத அகலத்தில், அடியில் ஓட்டையுள்ள தொட்டி, செம்மண்ணும் மணலும் தொழு உரமும் கலந்த மண். அகன்ற இலை நிறையத் தண்ணீர் கேட்கும். ஆனால் ஆடி மழையில் வெளிச்சமும் குறைந்து மண்ணும் காயாமல் இருக்கும்போது வழக்கம்போல் ஊற்றினால் கிழங்கு அழுகிவிடும். விரலை மண்ணில் விட்டு, மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டும். இலையில் படியும் தெருப்புழுதியை ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். நடுவிலிருந்து சுருட்டிய பாய்போல எழும் வெளிர்பச்சைக் குருத்தை அவசரப்பட்டு விரித்துவிட்டால் கிழியும்; அது தானாக அவிழும்வரை விட்டுவிட வேண்டும்.

இவ்வளவு செய்தும் தொட்டி வாழை வீட்டுக்குள் குலை தள்ளுவது அரிது. பலனில்லாத உழைப்பை ஏன் வழிபாடு என்கிறாய் என்று கேட்டால், பூஜையில் வைத்த கன்றிடமும் யாரும் பழம் எதிர்பார்க்கவில்லையே. மங்கலத்தின் உருவம் என்று அதற்குப் பூச்சூட்டிப் பொட்டு வைத்தோம். மறுநாள் தண்ணீர் ஊற்றுவதும் அதே மரியாதைதான். அப்படி வளர்க்க முடியாதவர் வாங்காமல் இருப்பதிலும் எந்தக் குறையும் இல்லை. கிழங்கோடு வந்தால் கனம், கடைக்காரருக்குக் கட்டுப்படியாகாது என்பது மெய்தான். ஆனால் ஜல்கான் பக்கத்துத் தோட்டங்களுக்குத் திசு வளர்ப்பு கிராண்ட் நைன் ரகக் கன்றுகள் சிறு பைகளில் வேரோடுதான் போகின்றன. ஒரு முழ உயரக் கன்று நோன்பு மண்டபத்துக்குத் தாராளம். வெட்டிய கன்று வேண்டாம், வேரோடு கொடுங்கள் என்று பத்து வீட்டார் கேட்டால், அடுத்த ஆவணிக்கு அந்தப் பைகள் மாட்டுங்கா கடைக்கும் வரும்.