சிம்மாசனமும் சத்தியமும்

1066-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் நாள் இங்கிலாந்தின் மன்னன் எட்வர்டு சந்தானமின்றி இறந்தபோது, அவன் விட்டுச் சென்ற சிம்மாசனத்துக்குப் பாத்தியதை கொண்டாட நால்வருக்கு இடமிருந்தது. மன்னனுடைய மாற்றாந்தாய்த் தமையனின் பேரனான எட்கர் என்னும் சிறுவனுக்கு இரத்த உரிமை இருந்தது. அரசியின் உடன்பிறந்தானாகிய ஹரால்டுக்கு, மரணப் படுக்கையில் மன்னன் நாட்டை ஒப்படைத்தான் என்ற செய்தியும் பெருமக்கள் சபையின் சம்மதமும் துணைநின்றன. நார்மண்டியின் கோமகன் வில்லியம், எட்வர்டு தனக்கு முன்னமே வாக்களித்ததாகவும், அதை ஆதரிப்பதாக ஹரால்டே பிரமாணம் செய்ததாகவும் வாதித்தான். நார்வே மன்னன் ஹரால்டு ஹார்ட்ராடாவோ, தனக்கு முன் நார்வேயை ஆண்ட மன்னன் செய்துகொண்ட பழைய உடன்படிக்கை ஒன்றைக் காட்டினான்.

இவற்றுள் மனசாட்சியை மிகவும் சோதிப்பது ஹரால்டின் பிரமாணமே. ஏறத்தாழ 70 மீட்டர் நீளமுள்ள பேயூ சித்திரத் தையல் திரையில், வாளேந்தி வீற்றிருக்கும் வில்லியத்தின் முன்பு, இரண்டு புனிதப் பேழைகளுக்கு நடுவே ஹரால்டு நின்று, ஒன்றின்மேல் ஒரு கையும் மற்றொன்றின்மேல் மறு கையுமாக வைத்துச் சத்தியம் செய்கிறான். தெய்வத்தைச் சாட்சியாக்கிச் சொன்ன சொல்லை மீறியவனுக்கு மகுடம் ஏது என்று நார்மானியர் கேட்டனர். அயலானின் பிடியில் சிக்கியவன் ஊர் திரும்பும் பொருட்டுச் சொன்ன சொல் எப்படிக் கட்டுப்படுத்தும் என்று மறுதரப்பார் கேட்டனர். இரண்டும் அலட்சியம் செய்யத்தக்க கேள்விகள் அல்ல.

ஆயினும் இவ்விரு தரப்பாரும் விசாரியாமல் விட்ட ஒன்று உண்டு. கோயில் நிலத்தைப் பரிபாலிக்கும் தர்மகர்த்தா அதைத் தன் நண்பனுக்குத் தருவதாக எத்தனை முறை சத்தியம் செய்தாலும், அந்நிலம் நண்பனுக்குச் சேராது. சத்தியம் செய்த பாவம் மட்டுமே தர்மகர்த்தாவைச் சேரும். எட்வர்டின் வாக்குறுதியும், ஹரால்டின் பிரமாணமும், மரணப் படுக்கையின் உபதேசமும் ஒருங்கே இத்தகையனவே. ஏனெனில் லட்சக்கணக்கான பிரஜைகளின் வாழ்வை ஒருவன் மற்றொருவனுக்குத் தானம் செய்ய முடியாது. தரமுடியாததைத் தருவதாகச் சொன்னது ஹரால்டின் குற்றம்; அதற்குப் பரிகாரம், அதைச் சபையின்முன் வெளிப்படக் கூறி முடிவை அதனிடம் விடுவதேயன்றி, நாட்டை வில்லியத்தின் கையில் ஒப்புவிப்பதன்று.

சபையின் தேர்வும் குறையற்றதன்று. மன்னனை அடக்கம் செய்த ஜனவரி 6-ஆம் நாளிலேயே ஹரால்டு முடிசூடினான். நிதானமான ஆலோசனைக்கு அங்கே அவகாசமில்லை. உழுது உண்பவனுக்கு அச்சபையில் இடமுமில்லை. இருந்தபோதிலும், ஆளப்படுவோரில் ஒரு சிலரது சம்மதத்தையேனும் நாடிய உரிமை, ஒருவர் சம்மதத்தையும் நாடாத உரிமையைக் காட்டிலும் தர்மத்துக்கு அண்மையில் நிற்கிறது.

அக்டோபர் 14-இல் ஹேஸ்டிங்ஸ் போர்க்களத்தில் ஹரால்டு மாண்டான். கிறிஸ்துமஸ் நாளில் வில்லியம் முடிசூடினான். 1069-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் வடநாட்டார் கிளர்ந்தெழுந்தபோது, அவன் படைகள் களஞ்சியங்களையும் கால்நடைகளையும் அழித்துப் பஞ்சத்தை வருவித்தன. வேறு பல செயல்களுக்காக அவனைப் புகழ்ந்த ஆர்டெரிக் விட்டாலிஸ் என்னும் துறவியே, குற்றமற்றவரையும் குற்றவாளியையும் ஒருங்கே மாய்த்த இக்கொடுமையைப் புகழ மனமின்றிக் கண்டித்தெழுதினார். 1086-இல் எடுக்கப்பட்ட டூம்ஸ்டே கணக்கேட்டில், யார்க்ஷயரின் பல ஊர்களுக்கு எதிரே ‘பாழ்’ என்ற குறிப்பே காணப்படுகிறது. எந்தப் பேழையின்மீதும் கைவைத்திராத குடியானவர்களின் ஊர்கள் அவை.

வில்லியத்தின் வாதங்கள் யாவும் மெய்யென்றே கொள்வோம். அப்போதும் அவை இந்தப் பாழுக்குச் சமாதானம் ஆகமாட்டா. குடிகளைக் காப்பதற்கென்று ஏற்பட்ட பதவியை, அக்குடிகளை அழித்தேனும் அடைந்து நிலைநிறுத்துவேன் என்பவன், அவனுடைய வம்சமும் வாக்கும் சாட்சியும் எவ்வளவு வலிமையுடையனவாயினும், அப்பதவிக்கு உரியவன் அல்லன்.