பசித்தவனைத் தூங்கச் சொல்வது

“பேசாமல் படுத்துத் தூங்கு, பசி தெரியாது” என்று ஒரு தாய் தன் பிள்ளையிடம் சொன்னால் அது இயலாமையின் குரல். உண்டு முடித்தவர் ஏழையிடம் சொன்னால் அதற்கு என்ன பெயர்?

கருங்கல் வட்டாரம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த காலம். 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. அங்கிருந்து வந்த அரிசி நின்றது. மக்களை மரச்சீனிக் கிழங்கே தாங்கியது. கிழங்கும் கிட்டாத வீட்டில் அந்தத் தாயின் வார்த்தைதான் இரவு உணவு.

அவ்வார்த்தை பலிக்காது என்பதற்கு மூளையிலேயே சான்று உண்டு. 1951இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பி. கே. ஆனந்தும் பிரோபெக்கும், எலியின் மூளையடியில் ஹைப்போதலாமஸ் என்னும் பகுதியின் இரு பக்க ஓரங்களையும் சிதைத்துப் பார்த்தனர். உணவு முன்னே கிடந்தும் எலி உண்ணவில்லை. (ஆனந்த் நம் நாட்டவர், பின்னாளில் டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் உடலியல் துறையைக் கட்டி எழுப்பியவர்.) 1998இல் அதே இடத்து உயிரணுக்களில் ஒரு பொருள் கண்டறியப்பட்டது. பசியைத் தூண்டுவது எனக் கருதி, பசியார்வத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு ஒரெக்ஸின் என்று பெயரிட்டனர். மறு ஆண்டிலேயே, அப்பொருள் இல்லாத சுண்டெலிகள் நடமாடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று செயலற்று விழுவது தெரிந்தது. உணவைத் தேடச் சொல்வதும் கண்ணை மூடவிடாமல் காப்பதும் ஒரே காவலாளிதான்! இரத்தத்தில் சர்க்கரை குறைந்தால் அவ்வணுக்கள் கிளர்ந்தெழுகின்றன, ஏறினால் அடங்குகின்றன. 2003இல் சுண்டெலிகளைப் பட்டினி போட்டுப் பார்த்தபோது அவை தூக்கம் குறைந்து அலைந்தன. அவ்வணுக்களை இழந்தவை அவ்வாறு விழிக்கவில்லை.

இரை தேடாமல் உறங்கிவிடும் பிராணி பிழைக்காது. அதற்காகவே இந்த ஏற்பாடு. நெடும்பட்டினியில் உடல் குளிர்ந்து முடங்குவது உண்டு. அது உறக்கமன்று.

நோன்பாளியும் பசித்திருக்கிறார் என்பீர்கள். அவர் பசிக்கு மஃரிபு பாங்கில் முடிவு உண்டு. ஏழையின் பசிக்கு யார் நேரம் குறித்தார்?

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இரவில் கண்ட அந்தத் தாயை நாம் அறிவோம். அடுப்பில் வெறும் தண்ணீர். கற்கள் கிடந்தன என்று சொல்வோரும் உண்டு. சோறு வேகிறது என்று எண்ணியே பிள்ளைகள் தூங்கிவிடட்டும் என்று அவள் காத்திருந்தாள். அவள் செய்தது பொய்யா என்று விவாதிப்போருடன் எனக்குப் பேச்சில்லை. கலீஃபா மாவு மூட்டையைத் தாமே சுமந்து வந்து, அடுப்பூதிச் சமைத்து ஊட்டினார்கள். ஊட்டிய பிறகும் புறப்படவில்லை. சற்றுத் தள்ளி அமர்ந்துகொண்டார்கள். உடன் வந்த அஸ்லம் காரணம் கேட்டபோது, பிள்ளைகளை அழவும் விழிக்கவும் வைத்தது பசியே என்றும், அவர்கள் உறங்கக் காணாமல் போக மனமில்லை என்றும் கூறினார்கள். பிள்ளைகள் சிரித்து விளையாடினர்; பிறகு உறங்கினர். அதன் பின்னரே கலீஃபா எழுந்தார்கள்.