தேரிக்குள் ஒரு சுனை

தாமிரபரணிப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் என்றால் பொதிகையிலிருந்து வருவது. பாபநாசத்தில் இறங்கி, அணைக்கட்டு அணைக்கட்டாகப் பிரிந்து, எட்டாவதான ஸ்ரீவைகுண்டத்தில் கடைசிப் பங்கும் போனபிறகு, மிச்சம் புன்னைக்காயல் பக்கம் கடலில் சேரும். இந்தக் கணக்கில் வராத தண்ணீர் ஒன்று, திருச்செந்தூருக்கு மேற்கே மேலப்புதுக்குடித் தேரிக்குள், அதாவது செம்மணல் மேடுகளுக்குள், இருக்கிறது. அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் சுனை.

•

வாழைத் தோட்டங்கள் முடிந்ததும் மண் சிவந்துவிடுகிறது. பிறகு உடைமரம், கொல்லாமரம், பனை. சில பனைகளுக்குப் பாதி உடம்பு மணலுக்குள். ஆடிக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்து இந்த மேடுகளை வருடந்தோறும் கொஞ்சம் நகர்த்துகிறது. போன முறை பார்த்த தடத்தை இந்த முறை தேடக்கூடாது.

•

கைப்பிடி மண்ணை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தேன். சிவப்பு என்பது மேல்பூச்சு; ஒவ்வொரு மணியும் இரும்புத்துரு போர்த்திய படிகக்கல். நடுவே பொடிப்பொடியாகக் கறுப்பு, டைட்டானியத் தாதுவான இல்மனைட். காற்று இழுத்த வரிகளின் மேல் அந்தக் கறுப்புதான் கோடாகத் தங்கியிருக்கிறது.

இதே தேரிகளில் பழைய மனிதர்களின் நுண்கற்கருவிகளும் கிடைத்திருக்கின்றன. 1956-இல் ஆய்வாளர்கள் சாய்னரும் ஆல்ச்சினும் அவற்றைப் பற்றி விரிவாக எழுதினார்கள். நகமளவு கல்லைச் செதுக்கிக்கொண்டு இந்த மணலில் உட்கார்ந்திருந்தவர் தண்ணீர் குடிக்க எங்கே போனார்? எனக்கு அந்தக் கேள்விதான் நிற்கிறது.

•

மேடுகளுக்கிடையே ஒரு பள்ளம். பள்ளத்தில் பச்சை, மரநிழல், நிழலுக்குள் சுனை. கடுங்கோடையிலும் வற்றாது என்பார்கள். பக்கத்தில் எந்த ஆறும் இல்லை.

ஐப்பசி, கார்த்திகையில் விழும் மழையைத் தளர்ந்த மணல் அப்படியே குடித்துவிடுகிறது. மண் இறுகிப்போன சில இடங்களில் மட்டும் மழை அறுத்த பிளவுகள் உண்டு. மற்றபடி ஓடையாக ஓடிப்போக வழியே இல்லை. மேல்மணல் வெயிலில் காய்ந்து மூடியாகிவிடுவதால் உள்ளே இறங்கியது ஆவியாவதும் குறைவு. அடியில் களியோ கெட்டிப் பாறையோ தடுக்கும் இடத்தில் அது தேங்கி, தாழ்ந்த பக்கமாக மெல்ல நகர்ந்து, பள்ளத்தில் கசிகிறது. பார்வைக்கு வறண்டு கிடக்கும் அந்த மேடுதான் இதன் ஏரி. மணலின் இடுக்குகளில்தான் மழை நிற்கிறது.

கோயில் பக்கம் பதநீர்க் கலயத்தோடு நின்ற பெரியவரிடம், “எப்படி தாத்தா வத்தாம இருக்கு?” என்றேன். “மண்ணு குடிச்ச தண்ணி எங்கனய்யா போவும்? மெதுவா வரும்,” என்றார். மேலே நான் எழுதியதெல்லாம் இதற்குள் அடக்கம்.

•

மாங்கனி ஒன்று தற்செயலாகத் தன் குடத்தில் விழுந்ததற்காகக் கள்ளியென்று கொல்லப்பட்ட பெண்ணின் கதையை இந்தப் பக்கம் சொல்வார்கள். அவள் சாபத்தில் மண்மாரி பெய்து ஊர் தேரியானதாம். எனக்கு இந்தக் கதையின் மீது மரியாதை அதிகம். தண்ணீர் எடுக்கப் போனவளுக்கு இழைத்த அநீதியால்தான் நிலம் வறண்டது என்று ஒரு சமூகம் நினைவு வைத்திருக்கிறது.

•

பங்குனி உத்திரத்துக்கு வெளியூர் போன குடும்பங்களெல்லாம் குலசாமியைத் தேடி இந்தச் சுனைக் கோயிலுக்கு வந்துவிடும். காயாமொழிப் பக்கம் கற்குவேல் அய்யனார் கோயிலில், கார்த்திகை மாதத்துக் கள்ளர்வெட்டுத் திருவிழா முடிந்ததும் தேரிமண்ணை ஒரு பிடி அள்ள முண்டியடிப்பார்கள். அதை வீட்டில் வைத்தால் நல்லது என்று நம்பிக்கை.

மண்ணை அள்ளுவதில் இன்னொரு வகையும் பேசப்பட்டது. 2007-இல் சாத்தான்குளம் பக்கம் டைட்டானியம் ஆலைத் திட்டம் ஒன்று, உள்ளங்கையில் நான் பார்த்த அந்தக் கறுப்புப் பொடிக்காகத்தான் வந்தது. தேரியை ஒட்டிய ஊர்கள் எதிர்த்தன. எதிர்த்தது சரி என்றே நினைக்கிறேன். மண்ணைச் சலித்துக் கனிமத்தை எடுத்துக்கொண்டு மீதியைத் திரும்பக் கொட்டலாம், மேடுகூடப் பழைய உயரத்துக்கு வந்துவிடும். ஆனால் மழை அதற்குள் இறங்கி இந்தப் பள்ளத்துக்கு வரும் வழி திரும்ப அமையுமா என்பதற்கு யார் பொறுப்பேற்பார்கள்?