முயலின் கணக்கு

பூலாம்பாடியில் என் சித்தப்பா ஒருநாள் காலையில் ஆட்டுக்கொட்டகை வாசலில் சாய்ந்துவிட்டார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது, வலது கை துவண்டது, பேச்சுக் குழறிற்று. வீட்டில் பதறாதவர் இல்லை. ஆனால் பதற்றத்துக்கு வழி தெரிய வேண்டுமே! வாயுப் பிடிப்பென்று எண்ணெய் தேய்த்தார்கள். வெளியூர் போயிருந்த மகன் வரட்டும் என்று காத்திருந்தார்கள். பச்சைமலை அடிவாரத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. தலையைப் படமெடுத்துப் பார்த்த டாக்டர், “ரத்தக் கட்டியைக் கரைக்க மருந்து இருக்கிறது. நாலரை மணி நேரத்துக்குள் வந்திருந்தால் போட்டுப் பார்த்திருக்கலாம்” என்றார்.

ஒரு மாதம் சென்று நான் போயிருந்தபோது, அந்த மருந்து வந்த கதையைச் சித்தி கேட்டாள். சொன்னேன், சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று இன்னமும் தோன்றுகிறது. முயலுக்கு மயக்கமருந்து கொடுத்துக் கழுத்து ரத்தக் குழாயில் மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்துவார்கள். அது விழித்தபிறகு, உறையவைத்த ரத்தத்தின் துணுக்குகளை அதன் வழியே மூளைக்குச் செலுத்துவார்கள். முயலுக்குப் பக்கவாதம் வரும். பிறகு மருந்து. அமெரிக்காவில் ஜிவின் என்ற டாக்டரும் அவருடைய கூட்டாளிகளும் 1985இல் முயல்களிடம் இந்த மருந்தின் பலனைக் காட்டினார்கள். 1995இல் மனிதர்களிடமும் அது பலித்தது. அடுத்த ஆண்டு அங்கே அனுமதி கிடைத்தது.

சித்தி ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டுக்கொண்டே கேட்டாள்: “நல்லா இருந்த முயலுக்கு நோவை உண்டாக்கித்தான் மருந்து கண்டாங்களா, தம்பி?”

“ஆமாம், சித்தி.”

“அந்த மருந்து ஒங்க சித்தப்பாவுக்கு ஆகலியே. அப்ப அந்த முயலு சும்மாவா செத்துச்சு?”

எனக்குப் பதில் வரவில்லை.

ஜீவகாருண்யம் பற்றி நாம் வாதாடும்போது, கொல்லலாமா கூடாதா என்ற வாசலிலேயே நின்றுவிடுகிறோம். ருக்மிணி தேவி அருண்டேல் 1953இல் ராஜ்ய சபையில் மிருகவதைத் தடுப்பு மசோதாவைக் கொண்டுவந்தார். அரசாங்கமே ஒரு மசோதா கொண்டுவரும் என்று நேரு வாக்களித்ததால் அதைத் திரும்பப் பெற்றார். 1960இல் வந்த அந்தச் சட்டத்தின் 14ஆவது பிரிவு, உயிர்காக்கும் அறிவுக்காகப் பிராணிகளைப் பரிசோதிப்பது குற்றமல்ல என்கிறது. 17ஆவது பிரிவு, அநாவசிய வலியைத் தவிர்க்கும்படியும், சிறிய பிராணி போதுமானபோது பெரியதைத் தொடாதிருக்கும்படியும் சொல்கிறது. சிறிய பிராணிக்கு வலி சிறிதா என்று நான் கேட்க மாட்டேன். ஆட்டுக்கறி தின்கிற எனக்கு அந்த யோக்கியதை இல்லை. சித்தியின் கேள்வியோ வேறு. வாங்கிய உயிருக்குக் கணக்கு எங்கே என்பதுதான் அது.

கணக்கைப் பார்த்தால் மனம் கூசுகிறது. கட்டியைக் கரைத்தால் மட்டும் போதாது. பெரிய குழாய் அடைபட்டால் நிமிஷத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்புச் செல்கள் மடிகின்றன. வாய்க்கால் அடைப்பை ஒருவன் வெட்டிக்கொண்டிருக்கையில், தண்ணீர் வந்து சேரும்வரை பயிரின் உயிரைப் பிடித்துவைக்க இன்னொருவன் வேண்டும். கரைக்கும் மருந்தோடு மூளையைக் காக்கும் மருந்தையும் சேர்க்கும் யோசனை இப்படிப் பிறந்தது. முயலிடமும் எலியிடமும் நன்றாகப் பலித்தது. ஆனால் 2006இல் ஆஸ்திரேலியாவில் கணக்கெடுத்தபோது, பக்கவாதத்துக்குப் பரிசோதித்த சிகிச்சைகள் 1,026. மனிதரிடம் சோதித்துப் பார்த்தவை 114. கட்டியைக் கரைப்பது நிலைத்தது. காக்கும் மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன.

எலியின் மூளை வேறு, மனித மூளை வேறு என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை என்னால் அவ்வளவு சுலபமாக மன்னிக்க முடியவில்லை. என்எக்ஸ்ஒய்-059 என்ற மருந்து 2007இல் மனிதரிடம் தோற்றபின் பழைய எலிச் சோதனைகளைப் புரட்டிப் பார்த்தார்கள். எந்த எலிக்கு மருந்து என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் தீர்மானிக்காத சோதனைகளில்தான் பலன் பெரிதாகத் தெரிந்திருந்தது. ஆசைப்பட்டது கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது! துலாக்கோலைச் சரியாகப் பிடிக்காதவன் எலியையும் ஏமாற்றினான், நோயாளியையும் ஏமாற்றினான்.

எல்லாத் தோல்வியும் அப்படியல்ல. நெரினெடைட் என்ற காக்கும் மருந்தைக் குரங்குகளிடம் கவனமாகச் சோதித்து 2012இல் நல்ல முடிவு வெளியிட்டார்கள். 2020இல் மனிதரிடம் பார்த்தபோது, கரைக்கும் மருந்தையும் பெற்றவர்களிடம் அது பலிக்கவே இல்லை. கட்டியை அறுக்கக் கரைப்பான் உடலில் எழுப்புகிற அந்தப் பொருளே காவல்காரனையும் துண்டுதுண்டாக்கிவிட்டது. கரைப்பான் பெறாதவர்களிடம் பலித்தாற்போல் இருந்தது. அவர்களை மட்டும் வைத்துப் பின்னால் நடத்திய சோதனையிலோ அதுவும் நிரூபணமாகவில்லை. இந்தக் குரங்குகள் வீணாகச் செத்தன என்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகும் என்று அவை நமக்குச் சொல்லவில்லை; அது மனிதரிடம் பார்த்தபோதுதான் தெரிந்தது.

ஆனால் சித்தி கேட்டது ஆராய்ச்சிசாலைக் கணக்கை மட்டுமா? முயலிடமிருந்து மருந்து மனிதனிடம் வந்து சேரப் பத்து வருஷம் ஆயிற்று. ஆஸ்பத்திரிவரை அது வந்துவிட்டது. ஆட்டுக்கொட்டகையிலிருந்து நாங்கள்தான் நேரத்தோடு புறப்படவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த அந்தப் பகல்பொழுதில், யாரோ சரியாகப் பிடித்த துலாக்கோலையும் நாங்கள் சாய்த்துவிட்டோம். எலிக் கணக்கில் பொய் எழுதியவனை ஏசும் வாய் இந்த இடத்தில் எனக்கு அடைத்துக்கொள்கிறது.

சித்தப்பா இப்போது இடது கையால் டம்ளரைப் பிடிக்கப் பழகிவிட்டார். போன தடவை போனபோது, திண்ணைச் சுவரில் பேரன் கரிக்கட்டியால் 108 என்று பெரிதாக எழுதியிருந்தான். பக்கத்தில் வாய் கோணிய ஒரு முகம்; வரைந்தது சரியாக அமையவில்லை. சித்திக்குப் படிக்கத் தெரியாது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்த முகத்தைக் காட்டி, “இப்படி ஆனா எண்ணெ தேய்க்காதீங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.