திண்ணைப் பேச்சும் காந்த நாடாவும்

சீடன்: ஐயா, பலர் பார்க்கும்படி ஒருவர் எழுதியதைத் திரட்டிக் காப்பவர்கள் எழுதியவரிடம் சம்மதம் கேட்க வேண்டும் என்கிறார்களே. பொதுவில் எழுதியபோதே சம்மதம் தந்தாயிற்று அல்லவா?

குரு: நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். யூஸ்நெட்டின் கதை தெரிந்த பிறகுதான் தடுமாறினேன். 1979இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் டிரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் யோசித்த ஏற்பாடு அது. ஒரு கணினியில் எல்லோரும் படிக்கும்படி எழுதிய மடல் தொலைபேசிக் கம்பி வழியே அடுத்த கணினிக்குப் போகும், அங்கிருந்து இன்னொன்றுக்கு. வட்டில் இடம் குறைவு என்பதால் பழைய மடல்களைச் சில நாட்களிலோ வாரங்களிலோ அழித்துவிடுவார்கள். திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவனை நினைத்துக்கொள். தெருவில் போகிறவன் காதில் விழும் என்று தெரிந்துதான் பேசுகிறான். விடிந்தால் அந்தப் பேச்சு காற்றோடு போய்விடும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

சீடன்: பிறகு எப்படித் தங்கியது?

குரு: டொரான்டோ பல்கலைக்கழக விலங்கியல் துறையில் ஹென்றி ஸ்பென்சர் என்பவர் 1981 முதல் 1991 வரை அங்கே வந்த மடல்களைக் காந்த நாடாவில் பதிந்து வைத்தார். 141 நாடாக்கள், ஏறத்தாழ 20 லட்சம் மடல்கள். அவர் செய்தது பெரிய காரியம். 1986இல் சேலஞ்சர் விண்கலம் சிதறியபோது மனிதர்கள் ஒருவருக்கொருவர் என்ன எழுதிக்கொண்டார்கள் என்பதை வேறெங்கே படிப்பது? ஆனால் 2001இல் கூகுள் அந்த மடல்களை யாரும் தேடிப் பார்க்கும்படி திறந்துவிட்டது.

சீடன்: வேண்டாம் என்றவர்கள் விலக வழி இருந்ததே.

குரு: இருந்தது. 1995இல் டேஜா நியூஸ் என்ற நிறுவனம் மடல்களைச் சேர்க்கத் தொடங்கியபோது, ‘எக்ஸ்-நோ-ஆர்க்கைவ்: யெஸ்’ என்று ஒரு வரி எழுதினால் அந்த மடலை விட்டுவிடுவார்கள். 1983இல் எழுதியவர் அதை எப்படி எழுதியிருப்பார்? அந்த வரியை எழுதியவருக்கும் அரைப் பயன்தான். பதில் போடுகிறவர் அவருடைய வார்த்தைகளை எடுத்துப் போட்டிருந்தால், அந்தப் பதிலோடு அவையும் தங்கிவிடும்.

சீடன்: அப்படியானால் 20 லட்சம் மடல்களுக்கும் ஆளைத் தேடி ஓட வேண்டுமா? பலர் இறந்திருப்பார்கள், பலர் இருக்குமிடமே தெரியாது. கேட்டு முடிப்பதற்குள் நாடாவே கெட்டுப்போகும். சம்மதத்தின் பேரால் ஒரு தலைமுறையின் பேச்சை இழக்கலாமா?

குரு: என்னை வாட்டிய கேள்வி இதுதான். காப்பதும் திறப்பதும் ஒரே செயல் என்று நான் எண்ணியிருந்தவரை விடை கிடைக்கவில்லை. திண்ணையில் கேட்டதை ஒருவன் நினைவில் வைத்திருந்தால் யாருக்கும் தீங்கில்லை. ஸ்பென்சரின் நாடாக்கள் அலமாரியில் இருந்தவரை அப்படித்தான். பெயரைத் தட்டினால் ஒருவர் இருபது வயதில் உடல்நலம் பற்றியும் காதல் பற்றியும் பத்து இடங்களில் சொன்னதெல்லாம் ஒரே பக்கத்தில் வந்து நிற்பது வேறு. 1983இல் அந்தத் தெருவில் போன எவனும் அப்படிக் கேட்டதில்லை. பேசியவன் சம்மதித்தது வழிப்போக்கனின் காதுக்கு. தன்னை வேலைக்கு எடுக்கப் போகிறவரின் மேசைக்கு அல்ல. அதனால் கேட்காமலே காக்கலாம், காக்கவும் வேண்டும். திறப்பதற்குத்தான் காலமும் கட்டுப்பாடும் தேவை. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு வீட்டையும் பற்றி எழுதிய ஏடுகள் 72 ஆண்டுகள் மூடியே இருக்கும். 1950இன் ஏடுகளை 2022இல்தான் திறந்தார்கள். அதுவரை ஆய்வாளர்களுக்கு மொத்த எண்ணிக்கைகள் கிடைத்தன. மடல்களையும் அப்படி வைக்கலாம்: பொருளால் தேடலாம், பெயரால் தேட முடியாது. எழுதியவர் வந்து நீக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் நீக்க வேண்டும். இங்கேதான் காப்பகம் கதவைச் சாத்திவிடக்கூடும். மடல் உன்னுடையது என்றால் அந்தப் பழைய முகவரியிலிருந்து எழுதிக் காட்டு என்று கேட்டால் என்ன ஆகும்? 1985இல் ஒரு மாணவிக்குக் கல்லூரி தந்த முகவரி, அவள் படித்து வெளியேறிய ஆண்டே ரத்தாகியிருக்கும்.