பார்ப்போர் கடன்

செங்கலடிச் சந்தியிலிருந்து மேற்கு நோக்கிச் செல்வது பதுளை வீதி. மகா ஓயாவையும் பிபிலையையும் கடந்து மலைநாட்டுக்கு ஏறும் அவ்வீதியை அடுத்துப் பரந்து கிடந்த காடுகள் ஒரு காலத்தில் வேடர் வாழ்ந்த நாடாகும். 1908ஆம் ஆண்டில் செலிக்மன் தம்பதியர் அம்மக்களிடையே சென்று ஆராய்ந்தனர். 1911இல் கேம்பிரிட்ஜில் வெளிவந்த அவர்களது ‘வேடர்’ என்னும் நூலில் புகைப்படங்கள் பல உள. அத்தகைய பழைய படங்களிலிருந்து வேடர் முகங்கள் இன்றும் நம்மை நோக்குகின்றன. அவர்கள்பால் நமக்குக் கடமை ஏதேனும் உண்டா?

இரக்கம் கொண்டால் போதும் என்பர் பலர். ஆனால் இரக்கம் என்பது மேலே நிற்பவன் கீழே நிற்பவனுக்கு இடுவது. அது படத்தின் உண்மையைக் கேள்வி கேட்பதில்லை. செலிக்மன் தம்பதியரே ஒரு செய்தியை நேர்மையுடன் பதிவு செய்துள்ளனர். தனிகல என்னும் மலைப்பகுதி வேடர் நாள்தோறும் அயற் சிங்களக் குடியானவரைப் போலவே உடுத்தனர். வெள்ளையர் வரும்போது மட்டும் பழைய சிறு கோவணத்துக்கு மாறினர். ‘ஆதிமனிதன்’ என்பது அங்கே ஒரு வேடமாகிவிட்டது. அவ்வேடத்தை விரும்பிக் கேட்டவர்கள் யார்? பார்க்க வந்தவர்கள் அல்லவா?

அந்த ஆராய்ச்சியை நாம் பழிக்கவில்லை. அது இல்லையேல் வேடரின் பாடல்களும் சடங்குகளும் பல சுவடின்றி மறைந்திருக்கும். நாம் மறுப்பது, ஒரு கணத்துப் படத்தை ஒரு மக்களின் நிலைத்த இயல்பாகக் கொள்ளும் போக்கையே. அதன் விளைவு கொடியது. 1946ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பில் 2,361 பேர் வேடராக எண்ணப்பட்டனர். 1953இல் 803 பேர் மட்டுமே. ஏழாண்டில் எஞ்சியோர் மாண்டனரா? இல்லை. சிங்களம் பேசியோர் சிங்களவராயினர். தமிழ் பேசியோர் தமிழராயினர். வில்லும் கோடரியும் தோளில் இல்லாதவன் வேடன் அல்லன் என்று ஆகிவிட்டது. 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அமைக்கப்பட்டபோது, மூதாதையர் வேட்டையாடிய காட்டில் வேட்டை குற்றமாயிற்று. தம்பானைக் குடும்பங்கள் பல ஹெனானிகலைக்குக் குடிபெயர நேர்ந்தது. படத்தில் காட்டைவிட்டு அகலாத மனிதனுக்கு வாழ்வில் காடு மறுக்கப்பட்டது.

அரசை மட்டும் குறை கூறி நாம் தப்பிவிட முடியாது. வாகரை, கதிரவெளிப் பகுதிகளில் தமிழ் பேசும் வேடர் வாழ்கின்றனர். கடலிலும் வாவியிலும் மீன்பிடித்தும் சேனை செய்தும் கூலிக்கு உழைத்தும் வாழும் அவர்கள் நம்மோடு சேர்ந்தே போரையும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் கண்டவர்கள். தொகை காட்ட வேண்டியபோது அவர்களை நம்மவர் என்கிறோம். ஏச வேண்டியபோது ‘வேடன்’ என்கிறோம். இவ்விரண்டிலும் அவர்களுடைய சொல்லுக்கு இடமில்லை.

ஆசிரியர்கள் இத்தகைய படத்தை வகுப்பில் காட்டட்டும். ஆனால் ‘இவர்கள் எவ்வாறு வாழ்ந்தனர்?’ என்ற கேள்வியோடு நின்றுவிட வேண்டாம். இப்படத்தை எடுத்தவர் யார், எடுக்கப்பட்டவர் சம்மதித்தாரா, அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு இன்று நிலம் உண்டா என்றும் கேட்கட்டும். அவ்வகுப்பிலேயே வேடர் குலத்துப் பிள்ளை ஒன்று அமர்ந்திருக்கக்கூடும். தன் குலத்தின் பெயரை அப்பிள்ளை தலைகுனியாமல் சொல்லும் நிலையை உண்டாக்குவதே, அப்படத்தைப் பார்த்த நாம் முதலில் தீர்க்க வேண்டிய கடன்.