யார் சொன்னது?

தரம் பத்து மாணவர்களிடம் ‘எமது ஊர்’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதிவரச் சொல்லியிருந்தேன். வந்த கொப்பிகளுள் இரண்டு என்னை நிறுத்தின.

முதலாவது ஒரு மாணவனுடையது. நடையில் பிழையில்லை. ஆனால் முன்னேஸ்வரம் கோயிலுக்குக் கோட்டை மன்னன் ஆறாம் பராக்கிரமபாகு நிலம் வழங்கியதைக் கூறும் சமஸ்கிருதக் கல்வெட்டை, சோழ மன்னன் ஒருவனுடையது என்று எழுதியிருந்தான். “யார் சொன்னது?” என்றேன். “ஃபோன் சொன்னது சேர்” என்றான்.

இரண்டாவது ஒரு மாணவியுடையது. கோயில் திருவிழாவில் தன் உம்மும்மா வளையல் கடை போட்டதையும், அஸருக்குக் கடையின் பின்னால் பாய் விரித்துத் தொழுததையும் எழுதியிருந்தாள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு எழுத்து வருமா என்று தோன்றிற்று. கட்டுரையைத் தட்டச்சுச் செய்து, செயற்கை நுண்ணறிவின் எழுத்தைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் ஒரு கருவியிடம் கொடுத்தேன். இயந்திரம் எழுதியது என்றது. வகுப்பின் முன்னே அவளை எழுப்பிக் கேட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் பழைய கணிதக் கொப்பியொன்றைக் கொண்டுவந்து வைத்தாள். பின்பக்கங்களில் அதே கட்டுரை, வெட்டியும் திருத்தியும் மூன்று தடவை எழுதப்பட்டிருந்தது.

மாணவனிடம் ‘யார் சொன்னது’ என்று கேட்ட நான், அந்தக் கருவியிடம் அதைக் கேட்கவில்லை. இத்தகைய கருவியொன்றை வெளியிட்ட ஓப்பன்ஏஐ நிறுவனமே, அதன் துல்லியம் போதாதென்று 2023 ஜூலையில் அதை விலக்கிக்கொண்டது.

2024இல் நமது கல்வி அமைச்சு மைக்ரோசொப்ட் நிறுவனத்துடன் சேர்ந்து, தரம் 8 முதலான மாணவர்களுக்கென 20 பாடசாலைகளில் செயற்கை நுண்ணறிவு முன்னோடித் திட்டத்தை முன்னெடுத்தது. வகுப்பறையில் இதைப் பயன்படுத்த 13 வயதேனும் வேண்டும் என்பது 2023 செப்டெம்பரில் யுனெஸ்கோ வெளியிட்ட வழிகாட்டலின் யோசனை. இவை அவசியமானவையே. ஆயினும் திட்டம் வராத கிராமத்துப் பாடசாலைக்கும் ஃபோன் வந்துவிட்டது. அங்கே பொறுப்பு ஆசிரியனின் மனச்சாட்சியில்தான் தொடங்குகிறது.

இந்த இயந்திரம் படித்தறிந்து சொல்வதில்லை. அடுத்து வரக்கூடிய சொல் எதுவென்று கணித்துக் கோக்கிறது. பொய்யும் மெய்யும் ஒரே அழகோடு வெளிவருகின்றன. ஹதீஸ் கலை அறிஞர்கள் வாசகத்தின் அழகைப் பார்த்து ஏற்கவில்லை. அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்று வரிசை தேடினார்கள். அந்த மரபில் வந்த நாம் ஃபோனுக்கு மட்டும் விலக்களிப்பது எப்படி?

வந்த செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்லும் சூரத்துல் ஹுஜுராத், சில வசனங்கள் தள்ளி, வீண் சந்தேகத்தையும் தடுக்கிறது. இவ்விரண்டும் ஒரே அத்தியாயத்தில் இருப்பதை எத்தனையோ முறை ஓதியிருக்கிறேன். கருவியை விசாரிக்காமல் நம்பி, பிள்ளையை விசாரிக்காமல் சந்தேகித்த அன்றுதான் அதன் பொருள் விளங்கியது.

எந்த வகுப்பின் முன்னே கேட்டேனோ, அதே வகுப்பின் முன்னே அந்த மாணவியிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் ‘யார் சொன்னது’ என்று எழுதவேண்டும். உம்மும்மா என்றால் உம்மும்மா, நூலகப் புத்தகம் என்றால் அதன் பெயர், ஃபோன் என்றால் ஃபோன். ஃபோன் என்று எழுதியவருக்குப் புள்ளி குறையாது. அது சொன்னதை வேறோரிடத்தில் சரிபார்த்துவர வேண்டும், அவ்வளவுதான். வினாத்தாள் தயாரிக்க நான் அதன் உதவியைப் பெற்றால், தாளின் அடியில் நானும் எழுதிவிடுகிறேன்.